மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ: மூன்று நாள் பந்தயமும் டோல்கேட் ரசிகர்களின் கணக்கும்

மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ என்பது உலக அளவில் 1949 முதல் நடந்துவரும் இருசக்கர வாகனப் பந்தயத் தொடர் ஆகும். இதன் உச்சப் பிரிவு இன்று மோட்டோஜிபி என்று அழைக்கப்படுகிறது. ஒரு நாட்டில் நடக்கும் பந்தயம் வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். இந்த மூன்று நாள்களையும் சேர்த்தே ரசிகர்கள் "ரேஸ் வீக்கெண்ட்" என்கிறார்கள்.

வடசென்னையில் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையே உள்ள டோல்கேட்டில் இந்தச் சொல்லைப் பரவலாகக் கேட்கலாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பகுதி இது. மெக்கானிக் கடை வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் இளைஞர்கள் ஞாயிறு மாலைப் பந்தயத்தைத் திங்கட்கிழமை முழுவதும் அலசுகிறார்கள். ஐரோப்பாவில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் பந்தயம் கோடைக்காலத்தில் நமக்கு மாலை 5.30 மணி. வேலை முடிந்து, குளித்துவிட்டு, கைப்பேசியுடன் உட்காரத் தோதான நேரம். ஆனால் அவர்கள் பேச்சைப் புதிதாகக் கேட்பவருக்குப் பாதி புரியாது. "ஜெயிச்சது அவன், ஆனா லாபம் இவனுக்கு" என்கிறார்கள். ஜெயித்தவனை விட மற்றவனுக்கு எப்படி லாபம்? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று நாள்களில் நடப்பவை

ஒரு பந்தய வார இறுதியில் மூன்று பிரிவுகள் ஓடும். மோட்டோ3 பிரிவில் 250 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகள். மோட்டோ2 பிரிவில் எல்லாருக்கும் ஒரே வகை 765 சிசி டிரையம்ப் எஞ்சின். மோட்டோஜிபி பிரிவில் 1000 சிசி வண்டிகள். 2027 முதல் இது 850 சிசியாகக் குறைகிறது. மோட்டோஜிபி வண்டியின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. இது நம் தெருவில் ஓடும் 350 சிசி புல்லட்டை விடக் குறைவு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இவ்வளவு இலேசான வண்டி 2023இல் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் மணிக்கு 366.1 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம். பெயர்தான் பயிற்சி, உண்மையில் அன்றே பாதித் தலையெழுத்து முடிவாகிவிடும். பிற்பகல் பயிற்சியில் மிக வேகமான முதல் 10 பேர் சனிக்கிழமை நடக்கும் இரண்டாம் தகுதிச் சுற்றுக்கு நேரடியாகச் செல்கிறார்கள். மற்றவர்கள் 15 நிமிட முதல் தகுதிச் சுற்றில் மோதி, அதில் இருவர் மட்டும் மேலே போகலாம். ஆக 12 பேர் இன்னொரு 15 நிமிடம் ஓடி, யார் எந்த இடத்தில் நின்று புறப்படுவது என்று முடிவாகும். முதல் இடத்துக்குப் பெயர் போல் பொசிஷன். ஒரு வரிசைக்கு மூன்று வண்டிகள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சறுக்கி விழுந்த ஒருவர், ஞாயிறன்று ஐந்தாவது வரிசையிலிருந்து புறப்பட நேர்வது இப்படித்தான். "வெள்ளிக்கிழமையே போச்சு" என்று ரசிகர்கள் சலித்துக்கொள்வதன் பொருளும் இதுவே.

சனிக்கிழமை மாலை ஸ்பிரிண்ட். 2023இல் புகுத்தப்பட்ட இந்தக் குறும்பந்தயம், ஞாயிறு பந்தயத்தின் பாதித் தூரம் ஓடும். ஞாயிறன்று அதிகபட்சம் 22 லிட்டர் எரிபொருள், ஸ்பிரிண்டுக்கு 12 லிட்டர். தூரம் குறைவு என்பதால் டயரைச் சேமிக்க வேண்டிய கவலை குறைகிறது, முதல் வளைவிலேயே முண்டியடிப்பு கூடுகிறது. இது தேவையா என்று வீரர்களே கேட்டதுண்டு. பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பு கூடியது உண்மை, எலும்பு முறிவு ஆபத்து இரட்டித்ததும் உண்மை என்பது என் கருத்து.

ஞாயிறு பந்தயத்தில் முதல் 15 பேருக்குப் புள்ளிகள் உண்டு. முதலிடத்துக்கு 25, அடுத்து 20, 16, 13, 11, 10 என்று இறங்கி, 15ஆம் இடத்துக்கு 1. ஸ்பிரிண்டில் முதல் 9 பேருக்கு 12, 9, 7, 6, 5, 4, 3, 2, 1. இரண்டையும் வென்றவர் ஒரே வார இறுதியில் 37 புள்ளிகள் அள்ளிவிடலாம். பழைய ரசிகர்கள் "யார் முதலில் வந்தது?" என்று மட்டும் கேட்பார்கள். இன்றைய ரசிகர் விரல்விட்டுக் கூட்டல் போடுகிறார்.

இந்தியாவில் நடந்த ஒரே பந்தயம்

கூட்டலைப் புரிந்துகொள்ள நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 22 முதல் 24 வரை, உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேசத் தடத்தில் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. மோட்டோஜிபி இந்திய மண்ணில் ஓடியது அதுவே முதல்முறை. சுமார் 5 கி.மீ. சுற்றளவுள்ள இந்தத் தடம் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்குப் பயன்பட்டது.

தொடக்கமே சிக்கலாக இருந்தது. விசா தாமதத்தால் மார்க் மார்க்கேஸ் உள்ளிட்ட சில வீரர்கள் நினைத்த நாளில் வந்துசேர முடியவில்லை. பிறகு வெயில். புழுக்கம் கடுமையாக இருந்ததால், 24 சுற்றுகளாகத் திட்டமிட்ட ஞாயிறு பந்தயம் 21 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டது. ஸ்பிரிண்ட் 11 சுற்றுகள் ஆனது. தோலாடை, ஹெல்மெட், கையுறை எல்லாம் அணிந்து, கால்களுக்கிடையில் கொதிக்கும் எஞ்சினோடு முக்கால் மணி நேரம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். சித்திரை வெயிலில் லாரிகளுக்கு நடுவே டோல்கேட் சிக்னலில் நிற்பவருக்கு இதில் ஒரு சிறு பங்கு விளங்கும்.

தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவர் இத்தாலியின் மார்கோ பெஸ்ஸெக்கி. இவர் அப்போது வாலன்டினோ ரோஸியின் அணியில் இருந்தார். ரோஸி 2021இல் ஓய்வுபெற்றுவிட்டாலும் அவருடைய 46 என்ற எண் சென்னையில் இன்னும் எத்தனையோ பெட்ரோல் டேங்குகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. எனவே உள்ளூர் ஆதரவு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை மழை குறுக்கிட்டது, ஸ்பிரிண்ட் தாமதமாகத் தொடங்கியது. முதல் வளைவிலேயே பெஸ்ஸெக்கியின் அணித் தோழரான லூக்கா மரினி சறுக்கி, அவர் மீதே மோதினார். மரினிக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. பெஸ்ஸெக்கி கடைசிக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒவ்வொருவராக முந்தி ஐந்தாம் இடத்தில் முடித்தார். வென்றவர் ஸ்பெயினின் ஹோர்ஹே மார்ட்டின். இரண்டாமிடம் அப்போதைய உலகச் சாம்பியன் பிரான்செஸ்கோ பன்யாயா. மூன்றாமிடம் மார்க்கேஸ்.

ஞாயிறன்று பெஸ்ஸெக்கியை யாராலும் பிடிக்க முடியவில்லை. 8 விநாடிகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். பன்யாயா இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது சறுக்கி விழுந்து வெளியேறினார். மார்ட்டினின் தோலாடை ஜிப் ஓட்டத்தின் நடுவே திறந்துகொண்டது. அதைச் சரிசெய்துகொண்டே ஓட்டி, கடைசிச் சுற்றில் பிரான்சின் ஃபேபியோ குவார்தராரோவுடன் மல்லுக்கட்டி இரண்டாமிடத்தைக் காப்பாற்றினார். பந்தயம் முடிந்ததும் உடலில் நீர் வற்றி அவர் சோர்ந்து விழ, மருத்துவ உதவி தேவைப்பட்டது.

இனிக் கணக்கு. பெஸ்ஸெக்கி: ஸ்பிரிண்டில் 5, ஞாயிறு 25, மொத்தம் 30. மார்ட்டின்: 12, 20, மொத்தம் 32. ஞாயிறு மேடையின் உச்சிப் படியில் நின்றவரைக் காட்டிலும், மூச்சுத் திணறி இரண்டாவதாக வந்தவர் 2 புள்ளிகள் அதிகம் பெற்றார். பன்யாயா: 9, பூஜ்யம், மொத்தம் 9. இந்தியாவுக்கு வரும்போது மார்ட்டினை விட 36 புள்ளிகள் முன்னால் இருந்தவர், திரும்பும்போது 13 புள்ளிகளே முன்னால் இருந்தார். "ஜெயிச்சது அவன், லாபம் இவனுக்கு" என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பன்யாயா சுதாரித்து அந்த ஆண்டுப் பட்டத்தை 39 புள்ளி வித்தியாசத்தில் தக்கவைத்தார். ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததுதான் ரசிகர்கள் இன்றும் ஓயாமல் வாதாடும் விஷயம். 2024இல் 20 ஞாயிறு பந்தயங்களில் பன்யாயா 11ஐ வென்றார், மார்ட்டின் 3ஐ மட்டுமே வென்றார். பட்டம் மார்ட்டினுக்கு, 10 புள்ளி வித்தியாசத்தில். மார்ட்டின் வெல்லாதபோதும் இரண்டாவதாக, மூன்றாவதாக வந்துகொண்டே இருந்தார். பன்யாயா வென்றார் அல்லது விழுந்தார். இது நியாயமா என்று கேட்டால், ஆண்டுத் தேர்வில் ஒரு பாடத்தில் 100 வாங்கி இன்னொன்றில் தவறுகிறவனையும், எல்லாவற்றிலும் 80 வாங்குகிறவனையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்பது போலத்தான். முப்பது ஆண்டுகள் மதிப்பெண் பட்டியல் எழுதிய எனக்கு மார்ட்டின் பக்கமே மனம் சாய்கிறது. இந்தப் பகுதி இளைஞர்கள் பெரும்பாலும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்தியப் பந்தயம் மறு ஆண்டும் அதே செப்டம்பரில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நடக்கவில்லை. 2025இலும் நடக்கவில்லை.

பேச்சில் அடிபடும் சில சொற்கள்

லோசைடு, ஹைசைடு இரண்டும் விழும் விதங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது டயர் பிடிமானத்தை இழந்து, வண்டியும் ஆளும் சாய்ந்த பக்கமாகவே வழுக்கிப் போவது லோசைடு. பெரும்பாலும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஹைசைடு அப்படியல்ல. வழுக்கிய பின்சக்கரம் திடீரென்று மீண்டும் பிடிமானம் பெற்றால், வண்டி நிமிர்ந்து துள்ளி, ஓட்டுபவரை எதிர்ப்பக்கமாகத் தூக்கி எறியும். எலும்பு முறிவுகள் பல இதனால்தான். இதற்காகவே 2018 முதல் எல்லா வீரர்களும் காற்றுப்பை பொருத்திய உடை அணிவது கட்டாயம். விழுவதை உணர்கருவிகள் கண்டறிந்து, உடல் தரையைத் தொடுமுன் தோளையும் கழுத்துப்பட்டை எலும்பையும் சுற்றிப் பை உப்பிவிடும். அப்படியிருந்தும் மரினிக்கு எலும்பு முறிந்தது.

லாங் லாப் என்பது தண்டனை. விதி மீறியவர், தடத்தின் குறிப்பிட்ட வளைவில் வெளிப்புறமாக வரையப்பட்ட நீண்ட பாதையில் சுற்றிவர வேண்டும். சில விநாடிகள் போய்விடும்.

டயர் அழுத்தம் பற்றிய தகராறு இன்னும் சுவையானது, இயற்பியல் மாணவர்களுக்கு உகந்தது. மூடிய கொள்கலனில் உள்ள வாயுவைச் சூடாக்கினால் அழுத்தம் கூடும் என்று படித்திருப்பீர்கள். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் பின்தொடரும்போது, அதன் எஞ்சின் விடும் வெப்பக்காற்று முகத்தில் அடிக்கிறது. குளிர்ந்த காற்று முன்டயருக்குக் கிடைப்பதில்லை. டயர் சூடாகிறது, அழுத்தம் ஏறுகிறது, தரையோடு படியும் பரப்பு குறைகிறது, பிடிமானம் போகிறது. இதைத் தவிர்க்க அணிகள் முதலிலேயே காற்றைக் குறைத்து அடைக்க விரும்பும். மிகக் குறைந்தால் டயரே சிதைந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் குறைந்தபட்ச அளவு ஒன்று விதிக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. தனியாக முன்னால் ஓடுவோமா, கூட்டத்தில் ஓடுவோமா என்பதை முன்கூட்டியே ஊகித்துக் காற்று அடைக்க வேண்டியிருக்கிறது. பஞ்சர் கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் நல்ல நீதிபதிகள்.

கொடிகளில் மூன்றை அறிந்தால் போதும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது முடிவு.

இந்தச் சாலைக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு

டோல்கேட் வழியே போகும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு பழைய தொழிற்சாலைகள் உள்ளன. ஒன்று எண்ஃபீல்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் எண்ஃபீல்டும் சேர்ந்து எண்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் வண்டியைத் தயாரித்தன. இங்கிலாந்தில் 1970இல் உற்பத்தி அடியோடு நின்றபிறகும் இங்கே நிற்கவில்லை. மற்றொன்று எம்ஆர்எஃப். 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது இது. அதன் டயர்களில்தான் பிற்காலத்தில் இந்திய தேசிய பைக் பந்தயங்கள் ஓடின. தந்தையோ தாத்தாவோ இவற்றில் ஒன்றில் ஷிப்டு பார்த்த குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். எஞ்சினும் ரப்பரும் இங்கே வீட்டுப் பேச்சு.

பந்தயமும் தூரத்தில் இல்லை. செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950கள் முதல் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது. நிழலுக்கு மரமில்லாத வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தார்கள். வடசென்னைக்காரர்கள் சைக்கிளிலும் லாரியில் தொற்றிக்கொண்டும் போனதாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் அமைந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது.

உலகப் போட்டிக்கும் இங்கிருந்து ஒரு வழி திறந்தது. சென்னை வீரர் சரத்குமார் 2011இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டார். அதே ஆண்டில் மஹிந்திரா நிறுவனமும் அப்பிரிவில் நுழைந்தது. 2016இல் நெதர்லாந்தின் அஸ்ஸென் தடத்தில் மோட்டோ3 பந்தயம் ஒன்றை வென்றது. அன்று மஹிந்திரா வண்டியை ஓட்டியவர் வேறு யாருமல்ல, மேலே கண்ட பன்யாயாதான்.

தடமும் தெருவும்

இதுவரை எழுதியதை ஒரு காரணத்துக்காகவே இவ்வளவு விரிவாக எழுதினேன். பந்தயம் பார்த்த இரவிலேயே எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டியை முறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திரையில் தெரிவது சாய்வும் வேகமும், தெரியாதவை மற்றெல்லாம். தடத்தில் எதிரே வண்டி வராது. வளைவுக்கு வெளியே விழுந்தவரை நிறுத்தச் சரளைக்கல் பரப்பும் காற்றடைத்த தடுப்பும் இருக்கும். டயரை உறை போட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். மூலைக்கு மூலை கொடியோடு ஆள் நிற்பார், மருத்துவர் காத்திருப்பார். எண்ணூர் சாலையில் இருப்பது லாரி சிந்திய டீசலும் கடல் மணலும், விளக்கில்லாமல் ஓரம் கட்டிய டிரெய்லரும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் தடத்தில் சாவு நேர்கிறது. இந்திய கிராண்ட் பிரீக்கு ஏழு வாரங்களுக்கு முன், 2023 ஆகஸ்ட் 5 அன்று, இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் கைவிடப்பட்டன. அந்த வயதில் பந்தயம் விடலாமா என்ற கேள்வி இங்கும் எழுந்தது. ஐரோப்பாவில் அதைவிடச் சிறு வயதில் தொடங்குகிறார்கள் என்பது பதிலாகாது என்றே நினைக்கிறேன்.

சட்டம் சொல்வதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 1 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு இன்னும் கடுமையானது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. துறைமுகத்திலோ தொழிற்பேட்டையிலோ ஓட்டுநர் வேலைக்குப் போக எண்ணியிருக்கும் ஒரு பையனுக்கு அதன் விலை என்ன என்பதை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உண்மையாகவே பந்தயம் விட விரும்புபவருக்கு முறையான வழி உண்டு. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம் முதலில் தேவை. சென்னையிலேயே தலைமையகம் கொண்ட இந்தக் கூட்டமைப்புதான் தேசியப் போட்டிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. டிவிஎஸ், ஹோண்டா போன்ற நிறுவனங்கள், எல்லாருக்கும் ஒரே வகை வண்டி கொடுத்து ஓடவிடும் போட்டிகளை நடத்துகின்றன. ராயல் எண்ஃபீல்டு 2021இல் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இப்படியொரு தொடரைத் தொடங்கியது. அங்கும் பயிற்சி, தகுதிச் சுற்று, பந்தயம் என்ற அதே வரிசைதான். ஒரே வண்டி, ஒரே டயர் என்பதால், சுற்று நேரத்தில் தெரியும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் ஓட்டுபவரே பொறுப்பு.